மூக்கு வரை வந்த மருந்து

லிஃப்ட் மெக்கானிக் எங்கள் மேஜை மேல் ஆறு குட்டி பாட்டில்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் அளவுக்கு இளஞ்சிவப்பு மருந்து. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி ஒட்டியிருந்தது.

“நர்ஸோட பையில இருந்துச்சு மேடம். நேத்து நானே எடுத்தேன். கையும் களவுமா மாட்டிக்கிட்டா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

மேடம் ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், குலுக்கினார், மறுபடி பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தவர். பொய் அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்ன அன்று வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வந்து, இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். தெரிந்தவர்கள் அவரைத் ‘தராசு’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால். என்னை ‘ரேடியோ’ என்பார்கள், முகத்துக்கு நேராகவே. காரணம் தெரிய வேண்டுமானால் என்னோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். ஆனால் உட்கார நானும் சம்மதிக்க வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது.

அன்றைக்கு நிஜமாகவே இருப்புக் கொள்ளவில்லை. மணி பதினொன்று. நாலு மணிக்கு அந்த நர்ஸை அனுப்பிய ஏஜென்சியில் விசாரணை. மெக்கானிக் புகாரில் கையெழுத்துப் போட்டால் நர்ஸின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும், விஷயம் போலீஸுக்கும் போகும். பதினாறு வருஷம் நோயாளிகளைத் தூக்கி நிமிர்த்திய ஒரு பெண் இன்று சாயங்காலத்துக்கு மேல் எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது.

விவகாரம் இதுதான். மெக்கானிக்கின் மனைவி நீச்சல் பயிற்சியாளர். மூன்று மாதத்துக்கு முன்னால் குளத்தின் ஈரப் படியில் வழுக்கி, தலையில் அடி. விழுங்க முடியாது, பேச முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். பாலும் மருந்தும் அதில்தான். ஆஸ்பத்திரியில் இருந்தவரை வலிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் ஆறு முறை வந்துவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு நர்ஸ் வலிப்பு மருந்து கொடுக்கிறார். ஆனால் ரத்தத்தில் அது பாதிகூட இல்லை.

“திருடி என்ன சார் பண்றது?” என்று கேட்டேன். “இது போதை மருந்தும் இல்லை, தூக்க மருந்தும் இல்லை. இதைக் கொண்டு போய் வித்தா ஒரு டீ குடிக்கக்கூடத் தேறாது.”

“விக்கிறதுக்கு இல்லைய்யா. குறைச்சுக் குடுக்கிறா. என் மனைவி எழுந்து உக்காந்துட்டா இவளுக்கு அங்க என்ன வேலை? படுத்தே கிடந்தாத்தானே இவ பொழப்பு ஓடும்?”

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கிரீஸ் கறை போகாத விரல்களால் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவது என் பழைய வியாதி.

“நாலு தடவை ரத்தம் எடுத்தாங்க மேடம்,” என்றார். “மூணு தடவை குறைவு. ஒரே ஒரு தடவை சரியா இருந்துச்சு. எப்ப தெரியுமா? நான் ஒன்பது நாள் வெளியூர்ல லிஃப்ட் மாட்டப் போயிருந்தப்ப. அப்ப என் மச்சினி வந்து தங்கியிருந்தா. அவ கண்கொத்திப் பாம்பு. அவ பார்வையில இவளால ஒண்ணும் பண்ண முடியலை. இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

மேடம் பாட்டிலைக் கீழே வைத்தார். “இந்த மருந்து அடியில தங்கும். குலுக்காம ஊத்தினா மேல இருக்கறது நீர்த்துப் போயிருக்கும். நர்ஸ் குலுக்குவாங்களா?”

“நல்லாக் குலுக்குவா. எல்லாம் நல்லாத்தான் பண்ணுவா. அதுதானே நடிப்பு.”

“சரி. இந்த ஆறும் என்கிட்ட இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க மத்தியானம் அங்க வர்றோம்.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் நான் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவிட்டேன். மேடத்தின் பழைய சகா ஒருவர் இன்னும் அதே பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். எதைச் சோதிக்கச் சொன்னாலும் ஒரு சொட்டு போதும் என்பார், அதனால் அவருக்கு ‘சொட்டு’ என்றே பெயர். ஆறு பாட்டில்களையும் அவர் கையில் திணித்தோம். “சாப்பாட்டு நேரம் வருது” என்று இழுத்தார். “இன்னைக்கு உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது” என்றார் மேடம். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

நர்ஸ் தங்கியிருந்தது ஒரு பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடி. நாங்கள் போனபோது வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் நல்ல பலம். விசாரணைக்குச் சீருடையோடுதான் போவதாக முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. கதவைப் பாதிதான் திறந்தார்.

“நீங்க அந்த சார் வெச்ச ஆளுங்க. உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்லை. நாலு மணிக்கு வருவேன். அங்க பேசறேன்.”

“அந்த ஆறு பாட்டில் எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க சிஸ்டர்,” என்றேன். “எங்க மேடத்துக்குப் புதிர்னா பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.”

“நாலு மணிக்கு.”

கதவு மூடப் போனது. மேடம் அதைத் தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றபடியே கேட்டார். “காலையில நீங்க செய்யறதை வரிசையாச் சொல்லுங்கம்மா. அதுல மறைக்க ஒண்ணும் இல்லையே?”

வேலையைப் பற்றிக் கேட்டால் வேலை தெரிந்தவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நர்ஸும் சொன்னார். “ஆறு மணிப் பாலை சார் குடுத்துடுவார், அதைச் சரியாச் செய்வார். நான் எட்டடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப வருவேன். கை கழுவி, பாட்டிலைக் குலுக்கி, எட்டுக்கு மருந்து. தண்ணி விட்டுக் குழாயை அலசுவேன். அப்புறம் சமையலறையில சிரிஞ்சைக் கொதிக்க வைக்கப் போயிடுவேன், இருபது நிமிஷம் ஆகும். அடுத்த பால் பத்து மணிக்கு. ஆஸ்பத்திரியில குடுத்த அட்டவணை. நான் ஒரு நாளும் மாத்தினதில்லை.”

“ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல?”

“மருந்து மட்டும்தான்.”

கதவு மூடியது. படியிறங்கும்போது மேடம் கைப்பிடிச் சுவரில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அவர் தாளம் போட்டால் எனக்குப் பதற்றம் கூடும். அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, எனக்குத் தட்டுப்படவில்லை என்று அர்த்தம்.

மெக்கானிக்கின் வீட்டு வாசலில் இறங்கும்போது சொட்டு கூப்பிட்டார். நான் போனை மேடத்தின் காதில் வைத்தேன், என் காதையும் பக்கத்தில் வைத்தேன்.

“ஆறுமே முழு பலம். ஒரு துளி தண்ணிகூடக் கலக்கலை. நான் சாப்பிடப் போகலாமா?”

“போங்க,” என்றார் மேடம்.

நான் தலையைச் சொறிந்தேன். “மேடம், இது பூட்டின அறைக்குள்ள நடந்த கொலை மாதிரி இருக்கு. பாட்டில்ல மருந்து முழுசா இருக்கு. சிரிஞ்சுல முழுசா ஏறுது. மூக்கு வரைக்கும் முழுசா வருது. ரத்தத்துல பாதியைக் காணோம். நடுவுல இருக்கறது ரெண்டு முழம் குழாய். திருடன் அதுக்குள்ள எப்படிப் புகுந்தான்?”

“புகுந்தவன் வெளிய வரலைன்னு நினைக்கிறேன்,” என்றார் மேடம். அவர் ஜோக் அடிப்பது வருஷத்துக்கு ஒரு முறை. அதனால் அதை நான் ஜோக் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நோயாளியின் அறை சுத்தமாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. சுவரில் ஆணியடித்து ஒரு விசில் மாட்டியிருந்தது. அந்த அம்மா கண் திறந்து படுத்திருந்தார். மெக்கானிக் குனிந்து, நாங்கள் யார் என்று அவர் காதருகே சொன்னார். சொல்லிக்கொண்டே வாயோரம் துடைத்தார், போர்வையை ஒரு அங்குலம் மேலே இழுத்தார், மறுபடி ஒரு அங்குலம் கீழே இறக்கினார். அவர் கைக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்தக் கை எனக்குப் புரிந்தது.

“இவளுக்குப் பசி தாங்காது மேடம்,” என்றார். “பயிற்சிக்குப் போற நாள்ல அஞ்சு மணிக்கே எழுந்து சாப்பிட்டுத்தான் கிளம்புவா. இப்ப பாருங்க, மணி பார்த்துக் குழாயில பால்.”

மேடம் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தார். ஆறு, பத்து, ஒன்று, நாலு, ஏழு, பத்து. ஆறு வேளைப் பால். எட்டுக்கு மருந்து. நான் வழக்கம்போல நிற்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் இருந்த காலி பால் மாவு டின்களை வெளியே இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பஞ்சும் துணியும் போட்டு வைக்க நர்ஸ் சேர்த்து வைத்தவை. ஒவ்வொரு மூடியிலும் டின்னைத் திறந்த தேதியை மார்க்கரில் எழுதியிருந்தார்.

“நம்ம சிஸ்டர் சூரியனுக்கே தேதி ஒட்டிடுவாங்க போல,” என்று சொல்லிவிட்டு, ரேடியோ செய்தி மாதிரி தேதிகளை உரக்க வாசித்தேன்.

“நிறுத்து,” என்றார் மேடம். “ஒரு டின் எத்தனை நாள் வந்திருக்கு? வரிசையாச் சொல்லு.”

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். “ஆறு நாள். ஆறு நாள். ஆறு நாள். எட்டு நாள். மறுபடி ஆறு. ஆறு.”

மேடம் ஒரு டின்னைத் திருப்பி லேபிளைப் படித்தார். நாற்பத்தெட்டு வேளைக்கு வரும் என்று போட்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திருதிருவென்று முழித்தேன்.

“மருந்து பாட்டிலை எல்லாரும் உத்துப் பார்த்தாங்க,” என்றார் மெதுவாக. “பால் டின்னை யாரும் பார்க்கலை. மச்சினிக்குப் போன் போடு.”

மச்சினி முதல் மணியிலேயே எடுத்தார். நான் ஏஜென்சி விசாரணைக்காகப் பேசுவதாகச் சொன்னதும் குரல் உயர்ந்தது. “நான் அந்த நர்ஸம்மாவை ஒரு நிமிஷம் விடலைங்க. கூடவே நின்னேன்.”

“அருமை. காலையில எட்டு மணிக்கு மருந்து குடுக்கிறப்பவும் கூடவே நின்னீங்களா?”

உயர்ந்த குரல் சட்டென்று இறங்கியது.

“எட்டு மணியா?” என்றார். “நான் ஒன்பதுக்குத்தாங்க எழுந்திருப்பேன். ஆறு மணிப் பாலைக்கூடப் பக்கத்து வீட்டம்மாதான் வந்து குடுத்துட்டுப் போவாங்க. மாமாகிட்ட சொல்லிடாதீங்க. ராத்திரி பகலா அக்காவைப் பார்த்துக்கறேன்னு அவர்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்.”

கண்கொத்திப் பாம்பு குறட்டை விட்ட ஒன்பது நாளில்தான் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது! நான் போனைப் பையில் போட மறந்து நின்றேன். நர்ஸை அப்போது யாருமே காவல் காக்கவில்லை. திருடுவதற்கு அதைவிட நல்ல நேரம் எது?

மேடம் அதற்குள் பின்பக்கம் போய்விட்டிருந்தார். பழைய மூக்குக் குழாயை நர்ஸ் கழற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. அது குப்பைப் பையில் கிடந்தது. மேடம் அதைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி விரித்தார். உட்சுவர் முழுக்க மெல்லிய இளஞ்சிவப்புப் படிவு. விரலால் தேய்த்தார், போகவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பிடித்தார், தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது, படிவு அப்படியே இருந்தது. நர்ஸின் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு. பஞ்சு இளஞ்சிவப்பாகியது.

“தண்ணிக்கு வரலை. ஸ்பிரிட்டுக்கு வந்துடுச்சு,” என்றார். “திருடன் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. உள்ள அனுப்பினது யாருன்னும் தெரியும்.”

“யாரு மேடம்?”

“மணி என்ன?”

“மூணு இருபது.”

“வண்டியை எடு.”

ஏஜென்சி அலுவலகத்தில் ஒரு நீள மேஜை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, ஒரு மேனேஜர். மேனேஜருக்கு முன்னால் புகார்த் தாள், அதன் மேல் பேனா. ரப்பர் ஸ்டாம்பை மை அட்டையில் அழுத்தித் தயாராக வைத்திருந்தார். அவ்வளவு அவசரம். மெக்கானிக், மனைவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே நர்ஸ், இஸ்திரி போட்ட சீருடையில், மடியில் பையோடு.

“நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று மேனேஜர் நர்ஸைக் கேட்டார். கேட்ட விதத்திலேயே பதில் தேவையில்லை என்று தெரிந்தது.

நர்ஸ் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தார். “சொல்றதை எழுதிட்டே வந்திருக்கேன். இதுவும் புகார்தான். போலீஸுக்கு. அந்த அம்மாவோட மருந்துல அவங்க வீட்டுக்காரர் தண்ணி கலக்கறார்னு.”

மெக்கானிக் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “யாரைப் பார்த்து என்ன சொல்றே?”

“உங்களைப் பார்த்துத்தான் சார்!” நர்ஸின் குரலும் ஏறியது. “நான் கை தவறாம மருந்து குடுக்கறேன், ரத்தத்துல இல்லைங்கறாங்க. சாயங்காலம் நான் போனதும் பாட்டில் உங்க கையில இருக்கு. நீங்க ஒன்பது நாள் ஊர்ல இல்லை, அப்ப மட்டும் மருந்து சரியா இருந்துச்சு. நான் என்ன நினைக்கறது? அதான் தேதி போட்டு ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து வெச்சேன். ரெண்டு லேபுக்கு அலைஞ்சேன். டாக்டர் சீட்டு இல்லாம வாங்க மாட்டோம்னுட்டாங்க.”

ஆறு பாட்டிலும் திருட்டுப் பொருள் இல்லை. திருடனைப் பிடிப்பதற்காக எடுத்து வைத்த சாட்சி. அவர் இவரைச் சந்தேகித்திருக்கிறார், இவர் அவரைச் சந்தேகித்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு!

“உக்காருங்க,” என்றார் மேடம். விழுந்த நாற்காலியை நான் நிமிர்த்தினேன். “அந்த ஆறு பாட்டிலையும் பரிசோதிச்சாச்சு. முழு பலம். சார் தண்ணி கலக்கலை. சிஸ்டர் குறைச்சுக் குடுக்கலை.”

“அப்ப மருந்து எங்க போச்சு?” என்றார் மேனேஜர்.

மேடம் நேராக மெக்கானிக்கைப் பார்த்தார். “சார், உங்க வீட்டுப் பால் டின் எட்டு நாள் வரணும். ஆறு நாள்ல தீருது. நீங்க ஊர்ல இல்லாதப்ப மட்டும் எட்டு நாள் வந்திருக்கு. அட்டவணையில இல்லாத அந்த ரெண்டு வேளைப் பால் எந்நேரம்?”

மெக்கானிக் திகைத்தார். பிறகு ஏதோ சின்னக் குறும்பு செய்து அகப்பட்டுக்கொண்ட மாதிரி முகத்தில் அசடு வழிந்தது. “அதுவா... சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி, ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குடுப்பேன். மருந்து குடுத்துட்டு அவங்க சமையலறைக்குப் போனதும் இன்னும் கொஞ்சம். வெறும் வயித்துல மருந்து குடுக்கலாமா மேடம்? குடல் வெந்துடாதா? அவளால பசிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்லவும் முடியாது. சிஸ்டர்கிட்ட சொன்னா அட்டவணைம்பாங்க. அதான் சொல்லலை.”

நர்ஸின் கை வாய்க்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் மேனேஜருக்கும் புரியவில்லை. மெக்கானிக்குக் கொஞ்சமும் புரியவில்லை.

மேடம் மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளரின் வெளிப்பக்கம் தண்ணீரைத் தெளித்தார். இரண்டு மூன்று சொட்டுகள் பக்கச் சுவரில் தொங்கி நின்றன.

“இது ஏன் கீழ விழலை? பசை தடவலை, ஆணி அடிக்கலை. கண்ணாடியும் தண்ணியும் ஒண்ணையொண்ணு லேசா இழுக்குது. எல்லா மூலக்கூறுக்கும் பக்கத்துல இருக்கறதோட இந்த மாதிரி இழுப்பு உண்டு. தனித்தனியாப் பார்த்தா ஒண்ணுமே இல்லை, ஊதினாப் போயிடும். ஒரே இடத்துல பத்து சேர்ந்தா விடாது. உங்க மனைவியோட மருந்து மூளையில வேலை செய்யறதும் இதே லேசான இழுப்பாலதான். அங்க அதுக்குப் பொருந்தற மாதிரி ஒரு குழி இருக்கு. அதுல போய் உக்காரும், வலிப்பைத் தடுக்கும், எழுந்து போகும்.”

“சரி...”

“ஆனா இந்த மருந்துக்குத் தண்ணின்னா ஆகாது. தண்ணியை விட்டு எப்படா தப்பிக்கலாம்னு இருக்கும். எண்ணெய்ப் பசையா ஒரு இடம் கண்டா போய் ஒட்டிக்கும். பால்ல இருக்கற புரதத்துல அப்படி மடிப்பு மடிப்பா நிறைய இடம். குழாய்ச் சுவரும் அதே சாதி. முன்னாடி பாலை ஊத்தறீங்க. அப்புறம் மருந்து வருது. பின்னாடியே மறுபடி பால். மருந்துக்கு மூளையோட விலாசம் தெரியாது சார். வழியில யார் முதல்ல கை நீட்டறாங்களோ அவங்களோட போயிடும்.”

“பாலோட...” என்றார் மெக்கானிக்.

“பாதி பாலோட. கொஞ்சம் குழாயோட. மிச்சம் இருந்ததுதான் ரத்தத்துல. ஆஸ்பத்திரியில ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல குழாயைக் காலியா வெச்சதுக்கு இதுதான் காரணம். பட்டினி போடறதுக்கு இல்லை.”

அந்த மனிதர் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“அப்ப அந்த ஆறு வலிப்பும்...”

பொய் சொல்லுங்கள் மேடம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு பொய். ஆனால் பொய் சொல்ல மாட்டேன் என்றுதானே கோட்டைக் கழற்றிவிட்டு வந்தவர்.

“ஆமா,” என்றார் மேடம். “ஆனா இன்னையோட முடிஞ்சுது. டாக்டர்கிட்ட நானே பேசறேன். மருந்தோட அளவைக் கூட்ட வேண்டாம், அந்த ரெண்டு வேளைப் பாலை நிறுத்தினாலே போதும்னு சொல்லணும்.”

மெக்கானிக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகவே சத்தம் போட்டு. மேனேஜர் ஸ்டாம்பை என்ன செய்வது என்று தெரியாமல் மை அட்டையிலேயே திரும்ப வைத்தார்.

நர்ஸ்தான் முதலில் பேசினார். “நேத்து என் பையைத் தரையில கொட்டினீங்க சார். பக்கத்து வீட்டம்மா முன்னாடி. பதினாறு வருஷத்துல ஒருத்தர் என்னை அப்படிப் பண்ணினதில்லை. ராத்திரி முழுக்க அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

மெக்கானிக் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “எனக்கு மன்னிப்புக் கேக்க வாய் வரலை சிஸ்டர்.”

“கேக்க வேண்டாம். என் மேலயும் தப்பு இருக்கு. அட்டவணைக்கு நடுவுல பால் குடுக்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு ஒரு நாள் உக்கார வெச்சுச் சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க.” நர்ஸ் தன் தாளை நாலாகக் கிழித்தார். பிறகு மேனேஜர் முன்னால் இருந்த இன்னொரு தாளையும் இழுத்து, மெக்கானிக்கின் பக்கம் தள்ளினார். அதைக் கிழிக்க அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. மேனேஜர் தடுக்கவில்லை. பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தபடியே இருந்தது.

“நாளைக்கு வருவீங்களா?” என்று மெக்கானிக் கேட்டார். அவ்வளவு தாழ்ந்த குரலை நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

நர்ஸ் கண்ணாடி டம்ளரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

“எட்டடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப வருவேன்,” என்றார். “ஆறு மணிப் பாலுக்கு அப்புறம் பத்து மணி வரைக்கும் அந்தக் குழாயில நீங்க எதையும் ஊத்தக் கூடாது.”

“மாட்டேன்.”

“அவங்க கண் முழிச்சு உங்களையே பார்த்தாலும் கூடாது.”

மெக்கானிக் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். “அந்த நாலு மணி நேரம் நான் என்ன பண்றது சிஸ்டர்? சும்மா பார்த்துக்கிட்டே எப்படி இருக்கறது?”

“கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க,” என்றார் நர்ஸ். “அது மருந்தை ஒண்ணும் பண்ணாது.”